சுவரில் ஒரு மலை

புது வீட்டுக்குக் குடி வந்தாயிற்று. பால் காய்ச்சியாயிற்று. வந்த விருந்தாளிகளும் ஊர் திரும்பியாயிற்று. இனிமேல்தான் கஷ்டம் ஆரம்பம்! கூடத்துச் சுவர் உங்களைப் பார்த்து வெறிச்சென்று விழிக்கிறது. அதில் எதை மாட்டுவது? ஸ்வாமி படங்களுக்குப் பூஜை அறை இருக்கிறது. தாத்தா பாட்டி படங்கள் நிலைப்படிக்கு மேல் இடம் பிடித்துவிட்டன. மளிகைக் கடைக் காலண்டரைக் கூடத்தில் மாட்ட உங்களுக்கு மனசு வரவில்லை.

கள்ளக்குறிச்சியில் இருக்கும் என் சிநேகிதி ஒருத்திக்கும் இந்தக் கவலைதான் வந்தது. அவள் பிள்ளை ஒரு படத்தைச் சட்டம் போட்டுக் கொண்டு வந்து மாட்டினான். நீல வானம், வெண்பஞ்சு போல மேகம், நடுவே செம்மண் நிறத்தில் ஒற்றை மலை. "ஜப்பான் தேசத்து மரக்கட்டை அச்சுப் படம், அம்மா! ஹொக்குஸாய் என்ற மகா சித்திரக்காரர் போட்டது" என்றான்.

சிநேகிதியின் மாமியார் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்து கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார். "ஏம்மா, இது நம்ம கல்வராயன் மலையா? வேற மாதிரி இருக்குதே!" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அது எவ்வளவு நல்ல கேள்வி என்பதை நீங்களும் சற்று நேரத்தில் ஒப்புக் கொள்வீர்கள்.

அந்த மலை புஜி. உயரம் 12,388 அடி. நம் கல்வராயன் அதற்கு முன் சின்னப் பிள்ளைதான். பெரிய கல்வராயன் பகுதியே ஏறக்குறைய 4,000 அடி. ஆனால் உயரத்தினால் மட்டும் ஒரு மலை உலகப் பிரசித்தி அடைந்துவிடுமா? புஜியை வீடு வீடாகக் கொண்டு போய்ச் சேர்த்தது உளி!

நாலு பேர் கூடி இழுத்த தேர்

ஹொக்குஸாய் 1760-ல் பிறந்தவர். எழுபது வயதை எட்டிய பிறகு, 1830-ஐ ஒட்டி, புஜி மலையின் முப்பத்தாறு காட்சிகளை வெளியிடத் தொடங்கினார். ஜனங்களுக்கு அவை அவ்வளவு பிடித்துப் போகவே, மேலும் பத்துப் படங்கள் சேர்ந்து நாற்பத்தாறு ஆயின. அவருக்குப் பின்னாலேயே ஹிரோஷிகே வந்தார். இன்று டோக்கியோ எனப்படும் எடோ நகரிலிருந்து கியோட்டோவுக்குப் போகும் சாலையில் இருந்த ஐம்பத்து மூன்று தங்கல் ஊர்களையும் அவர் படமாக்கினார். மழை, பனி, மூடுபனி, மாலை நேரம் எல்லாம் அவர் கைக்கு வசப்பட்டவை. இவை அரண்மனைக்கென்று செய்த படங்கள் அல்ல. சாதாரணக் குடும்பத்தினர் கடைத்தெருவில் வாங்கிப் போகும் விலையில் விற்றவை.

படத்தின் மேல் சித்திரக்காரரின் கையெழுத்து இருக்கிறது. ஆனால் ஒரு படத்துக்கு நாலு பேர் வேண்டும். பணம் போட்டு வெளியிடுகிறவர், வரைகிறவர், செதுக்குகிறவர், அச்சடிக்கிறவர்.

சித்திரக்காரர் மெல்லிய காகிதத்தில் மையினால் வரைந்து கொடுப்பார். செதுக்குகிறவர் அதை மலைச் செர்ரி மரப் பலகையின் மேல் கவிழ்த்து ஒட்டுவார். பிறகு கோட்டை மட்டும் விட்டுவிட்டு, மற்ற இடத்தையெல்லாம் குடைந்து எடுப்பார். மயிரிழை போன்ற ஒரு கோடு நிற்க வேண்டுமென்றால் அதன் இரண்டு பக்கத்தையும் குடைய வேண்டும். உளி கொஞ்சம் பிசகினாலும் கோடு போயிற்று! ஹிரோஷிகே 1857-ல் வெளியிட்ட, பாலத்தின் மேல் திடீர் மழை கொட்டும் படத்தைப் பாருங்கள். அதில் சரம் சரமாக விழும் மழை முழுவதும் இப்படிச் செதுக்கப்பட்டதுதான். இன்னொன்று தெரியுமா? வேலை முடியும்போது, ஒட்டிய மூலச் சித்திரம் உளியோடு போய்விடும். சித்திரக்காரரின் கைவேலை அழிந்து, செதுக்கியவரின் கைவேலைதான் பலகையில் மிஞ்சும்.

ஒவ்வொரு வர்ணத்துக்கும் தனியாகப் பலகை உண்டு. காகிதம் இம்மி நகராதிருக்க, பலகையின் ஓரத்தில் அடையாள வெட்டு இருக்கும். அச்சடிக்கிறவர் பலகையில் வர்ணத்தைத் தடவி, காகிதத்தைப் போட்டு, மூங்கில் மடலால் மூடிய வட்டமான அழுத்து கட்டையால் தேய்ப்பார். இதற்கு இயந்திரம் கிடையாது. வானம் மேலே கருநீலமாகவும் கீழே வர வர வெளுத்தும் இருக்கிறதே, அது வர்ணத்தைப் பலகையிலேயே ஈரமாக இழைத்து விடுகிற கைத்திறன். ஒவ்வொரு பிரதிக்கும் புதிதாக அதைச் செய்தாக வேண்டும்.

இவ்வளவும் செய்தவர்களின் பெயர் பெரும்பாலான படங்களில் இல்லை.

மலை ஒன்று, வேளை பல

கோமுகி அணைப் பக்கம் போயிருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒரு நாள் சாப்பாட்டு மூட்டையோடு குடும்பமாகப் போய் வாருங்கள். அங்கே நின்று மலையைப் பார்த்தால், கிட்டத்து முகடு கரும்பச்சை, அதற்கப்பால் நீலம், அதற்கும் அப்பால் புகை போன்ற சாம்பல் நிறம் என்று ஒன்றன் பின் ஒன்றாகத் தெரியும். காலையில் பார்த்த மலை மத்தியானம் இருக்காது. அந்தி வேளையில் இரண்டுமே இருக்காது.

இந்த அதிசயத்தையே தன் தொழிலாக்கிக் கொண்டவர் யோஷிடா ஹிரோஷி என்ற ஜப்பானியர். 1926-ல் பாய்மரப் படகுகளைப் படமாக்கினார். ஒரே காட்சி, காலை, முற்பகல், பிற்பகல், மூடுபனி, மாலை, இரவு என்று ஆறு விதமாக வர்ணத்தை மாற்றி அச்சிட்டார்! செதுக்குகிறவர்களையும் அச்சடிக்கிறவர்களையும் பக்கத்திலேயே உட்கார்த்தி வைத்து வேலை வாங்கியவர் அவர்.

அவர் நம் நாட்டுக்கும் வந்திருக்கிறார். 1930-ன் கடைசியில் தம் மகனோடு புறப்பட்டு வந்து ஊர் ஊராகச் சுற்றினார். தாஜ் மஹாலைப் பகலிலும் நிலவிலும் வரைந்தார். காஞ்சன்ஜங்கா, அமிர்தசரஸ் பொற்கோவில், அஜந்தா, எல்லோரா எல்லாம் அவருடைய அச்சுப் படங்களில் உண்டு. நம் மதுரைக் கோவிலும் உண்டு! ஜப்பான் பலகையில் தமிழ்நாட்டுக் கோவில் ஏறி ஏறக்குறைய நூறு வருஷம் ஆகப் போகிறது. கல்வராயன் மலைதான் இன்னும் ஏறவில்லை.

நம் ஊர் உளி

அப்படியானால் கள்ளக்குறிச்சியில் உளி இல்லையா? இல்லாமல் என்ன! கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. தமிழ்நாடு அரசின் பூம்புகார் நிறுவனத்துக்கு இங்கே மரச் சிற்பக் கூடம் உண்டு. வாகைக் கட்டையில் உருவம் வரைந்து, உளியை வைத்து, கொட்டாப்புளியால் தட்டித் தட்டிப் பிள்ளையாரையும் லக்ஷ்மியையும் கொண்டு வருகிறார்கள். ஜப்பானியர் செதுக்கிய பலகை பட்டறையிலேயே தங்கிவிடும். காகிதம்தான் வீட்டுக்குப் போகும். நம்மவர் செதுக்கிய மரமே நம் வீட்டுச் சுவருக்கு வருகிறது. வித்தியாசம் அவ்வளவுதான். கண்ணும் கையும் பொறுமையும் இரண்டு இடத்திலும் ஒன்றே.

இங்கே ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். வின்சென்ட் வான் கோ என்ற ஐரோப்பிய ஓவியர் 1887-ல் ஹிரோஷிகேயின் அந்த மழைப் படத்தைப் பார்த்து அப்படியே தைல வர்ணத்தில் வரைந்து பழகினார். வெளிநாட்டார் இப்படி மோகம் கொண்டிருந்த சமயத்தில், ஜப்பானில் போட்டோவும் புதிய அச்சு இயந்திரமும் வந்து, செதுக்குகிறவர்களுக்கு வேலை குறைந்து கொண்டே போயிற்று. வதனபே ஷோஸபுரோ என்ற பதிப்பாளர்தான் சித்திரக்காரர்களையும் செதுக்குகிறவர்களையும் மறுபடி ஒன்று சேர்த்துப் புதுப் படங்கள் போட்டார். 1923 செப்டம்பரில் பூகம்பம் வந்து, அதைத் தொடர்ந்த தீயில் அவருடைய பலகைகள் சாம்பலாயின. மனிதர் அசரவில்லை. மீண்டும் பலகை செதுக்கச் சொன்னார், படங்கள் விற்றன, தொழில் பிழைத்தது.

புகழ் மட்டும் எந்தக் கைத்தொழிலுக்கும் சோறு போடாது, சகோதரிகளே! வீட்டுக்கு வீடு வாங்கினால்தான் உளி ஓடும். குறியீடு ஊருக்குப் பெருமை தரும். அடுப்பில் உலை ஏற, நம் கூடத்துச் சுவர் வேண்டும்.

வாங்கும்போதும் மாட்டும்போதும்

மரக்கட்டை அச்சுப் படம் என்ற பெயரில் மூன்று தினுசு கிடைக்கின்றன. பழைய பலகையில் அந்தக் காலத்திலேயே அடித்த அசல் ஒன்று. பழைய படத்தைப் பார்த்துப் புதிதாகப் பலகை செதுக்கிக் கையால் அடித்தது இரண்டாவது. டோக்கியோவில் ஆடாச்சி பட்டறை போன்ற இடங்களில் இன்றும் செய்கிறார்கள். மூன்றாவது, போட்டோப் பிரதி. என் சிநேகிதி வீட்டில் இருப்பது மூன்றாவது தினுசுதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஹொக்குஸாய், ஹிரோஷிகே படங்களை நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியமும் சிகாகோ கலைக் கூடமும் இணையத்தில் இலவசமாகவே தருகின்றன. நல்ல காகிதத்தில் அச்சிட்டுச் சட்டம் போட்டுக் கொள்ளலாம். ஆனால் போட்டோப் பிரதியைக் கைவேலை என்று சொல்லி யாராவது அதிக விலை கேட்டால், ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். கையால் அடித்ததாக இருந்தால், காகிதத்தின் பின்புறம் வர்ணம் கசிந்தும், தேய்த்த தடம் வட்ட வட்டமாகவும் தெரிவது வழக்கம்.

இந்தப் படங்கள் பெரும்பாலும் சிறியவை. சுமார் பதினைந்து அங்குலத்துக்குப் பத்து அங்குலம். ஆகவே உத்தரத்துக்குக் கீழே உயரத்தில் மாட்டாதீர்கள். உட்கார்ந்து காபி சாப்பிடும்போது கண்ணுக்கு நேராக இருக்கட்டும். ஒரு சுவருக்கு ஒரு படம் போதும். வெயில் நேராக விழும் சுவர் கூடவே கூடாது, வர்ணம் வெளிறிவிடும். கண்ணாடி படத்தின் மேல் ஒட்டாதபடி நடுவே அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். செல்லோ டேப் வேண்டாம், கறை விடும். ஐப்பசி அடைமழையில் ஓதம் ஏறுகிற வெளிச்சுவரானால், சட்டத்தின் பின்னால் இரண்டு சிறு தக்கைத் துண்டுகளை ஒட்டுங்கள், காற்றோட்டம் இருக்கும். மரச் சிற்பத்துக்கும் வெயில் ஆகாது, ஈரத் துணியும் ஆகாது. மெல்லிய தூரிகையால் தூசி தட்டினால் போதும்.

சரி, மாமியாரின் கேள்வி என்ன ஆயிற்று?

சென்ற மாதம் சிநேகிதி அவரையும் அழைத்துக் கொண்டு ஒரு மரச் சிற்பியின் பட்டறைக்குப் போனாளாம். "கல்வராயன் மலையைச் செதுக்கித் தர முடியுமா?" என்று கேட்டாளாம். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு, "மலையா? சாமிதானே எல்லாரும் கேப்பாங்க!" என்று யோசித்தாராம். உடனே மாமியார் தரையில் உட்கார்ந்து, சாக்கட்டி வாங்கி, "இந்த முகடு இப்படி இறங்கும் தம்பி. மழை முடிஞ்சா மேகம் இந்த இடத்துல வந்து குந்தும்" என்று போட்டுக் காட்டினாராம். எழுபது வருஷமாகப் பார்த்த மலை அல்லவா!

பலகை இன்னும் வரவில்லை. புஜிக்கு எதிர்ச் சுவரில் ஆணி மட்டும் தயாராக இருக்கிறது. ஒரு நிபந்தனை சொல்லிவிட்டு வந்திருக்கிறார்களாம்: பலகையின் மூலையில் சிற்பியின் பெயர் இருந்தாக வேண்டும்.

உங்கள் வீட்டுச் சுவரில் இருப்பதை யார் செய்தார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? இன்று மாலை விளக்கேற்றியதும் ஒரு முறை கிட்டே போய்ப் பாருங்களேன்!