முகம் பார்க்காத நம்பிக்கை

இரவு 8.50. சென்னை மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டில் மகளுக்குத் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். போனில் மெயில் வந்தது. “இருபது நிமிடமாகக் காத்திருக்கிறேன். யாரும் வரவில்லை. எல்லாம் சரிதானே?” எழுதியவர் அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் இருக்கும் என் கிளையன்ட். அங்கே அப்போது காலை 9.20. லண்டனிலிருந்து ஒரு பதிப்பாளர் ஒன்பது மணிக்கு ஜூமில் அவரோடு பேசியிருக்க வேண்டும். அந்தச் சந்திப்பை ஏற்பாடு செய்தவள் நான்.

எங்கே பிசகியது என்று கண்டுபிடிக்க இரண்டு நிமிடம் ஆனது. அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பார்கள். பிரிட்டனில் அதே வேலையை மார்ச் கடைசி ஞாயிறன்றுதான் செய்வார்கள். இடையில் வரும் இரண்டு மூன்று வாரங்களுக்கு டென்வருக்கும் லண்டனுக்கும் உள்ள ஏழு மணி நேர வித்தியாசம் ஆறாகக் குறைந்துவிடும். நான் வழக்கம்போல ஏழு என்று கணக்குப் போட்டு, லண்டன்காரருக்கு மாலை நான்கு மணி என்று எழுதியிருந்தேன். மூன்று என்று எழுதியிருக்க வேண்டும்.

அடுப்பை அணைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். முதலில் அடித்த மெயிலில் மன்னிப்பு மட்டுமே மூன்று வரிகள் இருந்தன. மகளுக்கு ஜுரம், தூக்கமில்லை என்றெல்லாம் கை தானாகவே எழுதியிருந்தது. உண்மைதான், ஆனால் அவருக்கு அதனால் என்ன பயன்? அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். “இது என் தவறு. இரு நாட்டுக் கடிகார மாற்றத்தைக் கவனிக்கவில்லை. லண்டனில் இருப்பவர் உங்கள் நேரம் பத்து மணிக்கு வருவார்; அவருக்கும் எழுதிவிட்டேன். பத்து மணி ஒத்துவராவிட்டால் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் காலை ஒன்பது உங்களுக்குக் காலியாக இருக்கிறது. இனி வெளிநாட்டுச் சந்திப்பு எதற்கும் கையால் நேரம் கணக்கிட மாட்டேன், காலண்டரிலிருந்தே அழைப்பு போகும்.” 8.57க்கு அனுப்பினேன். “பத்து மணி சரி, நன்றி” என்று பதில் வந்தது. அந்த கிளையன்ட் இன்றும் என்னோடு இருக்கிறார்.

வெர்ச்சுவல் அசிஸ்டென்ட் என்ற தொழிலைப் பற்றி யாராவது கேட்டால் இந்த ஏழு நிமிடங்களைத்தான் சொல்வேன். வீட்டில் இருந்தபடியே, வேறு ஊரிலோ வேறு நாட்டிலோ இருப்பவருக்கு உதவியாளராக வேலை செய்வதுதான் இந்தத் தொழில். மெயில் பெட்டியை ஒழுங்குபடுத்துவது, சந்திப்புகளுக்கு நேரம் குறிப்பது, பில் அனுப்பி வசூலை நினைவுபடுத்துவது, பயண டிக்கெட், சமூக வலைதளப் பதிவுகள், பாட்காஸ்ட் விருந்தினர்களோடு கடிதப் போக்குவரத்து. மருத்துவர், வழக்கறிஞர், எழுத்தாளர், சின்னக் கடைக்காரர் என்று தனியாகத் தொழில் செய்கிறவர்களே பெரும்பாலும் நம்மைத் தேடி வருகிறார்கள்.

நம் பக்கத்துக்கு இது புதிதும் இல்லை. 2005இல் ஏ.ஜே. ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர், தன் அன்றாட வேலைகளையெல்லாம் பெங்களூரில் இருந்த இரண்டு நிறுவனங்களிடம் ஒப்படைத்துவிட்டு, அந்த அனுபவத்தை எஸ்கொயர் இதழில் எழுதினார். இரண்டில் ஒன்றான ‘யுவர் மேன் இன் இந்தியா’ டி.டி.கே குழுமத்தைச் சேர்ந்தது. 1928இல் சென்னையில் டி.டி. கிருஷ்ணமாச்சாரி தொடங்கிய அதே குழுமம்தான். 2007இல் வந்த, டிம் ஃபெரிஸ் என்ற எழுத்தாளரின் புத்தகம் இந்த யோசனையை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அன்று நிறுவனங்கள் செய்த வேலையை இன்று ஒரு லேப்டாப்பும் நல்ல இணைய இணைப்பும் வைத்திருக்கும் ஒருத்தி, தன் பெயரில், தன் வீட்டிலிருந்தே செய்கிறாள்.

இதில் டைப்பிங் வேகமோ ஆங்கிலமோ பெரிய தடையில்லை. பழகப் பழக வந்துவிடும். பெரிய தடை என்று நான் பார்ப்பது நம் பேசாத குணம். பள்ளியிலிருந்தே கேள்வி கேட்காமல் தலையாட்டப் பழகியிருக்கிறோம். வேலை புரியாவிட்டாலும் “ஓகே சார்” என்று எழுதிவிடுகிறோம். தாமதமாகும் என்று தெரிந்தாலும், ராத்திரி முழுக்க உட்கார்ந்து எப்படியாவது முடித்துவிடலாம் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிறோம். ஒரே ஆபீஸில் இருந்தால் நம் முகத்தைப் பார்த்தே மேலதிகாரி புரிந்துகொள்வார். ஆயிரக்கணக்கான மைல் தள்ளி இருப்பவருக்கு நம் எழுத்து மட்டும்தான் முகம். எழுத்து வராவிட்டால், வேலை நடக்கவில்லை என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆகவே ஒரு விதி வைத்திருக்கிறேன். கெட்ட செய்தி எதுவானாலும், அதை கிளையன்ட் தானாகக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் என்னிடமிருந்து அவருக்குப் போய்ச்சேர வேண்டும். டென்வர் விஷயத்தில் அவர் முந்திக்கொண்டார். அது எனக்கு இன்னமும் உறுத்தல்தான்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது விதியைக் காப்பாற்ற முடிந்தது. டிசம்பர் 3, ஞாயிறு மாலை. மழை பிடித்துக்கொண்டிருந்தது, வானிலை மையம் எச்சரித்துக்கொண்டிருந்தது. மடிப்பாக்கம், வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் இருப்பவர்களுக்கு மழை என்றால் என்னவென்று 2015 வெள்ளத்திலேயே தெரியும். மின்சாரம் இருக்கும்போதே என் மூன்று கிளையன்ட்டுகளுக்கும் எழுதினேன். “நாளை முதல் இரண்டு மூன்று நாள் கரண்ட், இணையம் இரண்டும் போகலாம். இந்த வாரத்தின் அவசர வேலைகள் இவை. இவற்றை இப்போதே முடித்துவிட்டேன். இவை அடுத்த வாரம் வரை காத்திருக்கலாம். செவ்வாய்க்கிழமை உங்கள் சந்திப்பு ஒன்றுக்கு மட்டும் நானில்லாமல் நீங்களே இணைய வேண்டியிருக்கும், இணைப்பு இதோ.” மறுநாள் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். நான்கு நாள் கரண்ட் இல்லை. வியாழக்கிழமை, சிக்னல் கிடைத்த இடத்தில் போனைத் திறந்தால் மூன்று பேரிடமிருந்தும் மெயில். ஒன்றில்கூட வேலை எங்கே என்ற கேள்வி இல்லை. குடும்பம் பத்திரமா என்று கேட்டிருந்தார்கள்.

முன்கூட்டிச் சொன்னதால் வந்த அன்பு அது. சொல்லாமல் நான்கு நாள் காணாமல் போயிருந்தால், காரணம் எவ்வளவு நியாயமாக இருந்தாலும், ஒருவராவது வேறு ஆளைத் தேடியிருப்பார்.

முதல் வாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் கோட்டை விடுவது அங்கேதான். புது கிளையன்ட் கிடைத்த சந்தோஷத்தில் உடனே வேலையில் குதித்துவிடுகிறார்கள். நான் முதல் வாரம் பாதி நேரம் கேட்பேன். யாருடைய மெயிலுக்கு அவரே பதில் எழுத விரும்புகிறார்? எந்த நேரத்தில் சந்திப்பே வைக்கக்கூடாது? அவசரம் என்றால் மெயிலா, போனா? நூறு டாலர் செலவென்றால் அவரைக் கேட்காமல் செய்யலாமா? பதில்களை ஒரே பக்கத்தில் எழுதி, “நான் புரிந்துகொண்டது சரியா?” என்று திருப்பி அனுப்புவேன். ஒரு தடவை ஒரு கிளையன்ட் அதைப் படித்துவிட்டு, தன் வேலையைப் பற்றித் தனக்கே இவ்வளவு தெளிவு இருந்ததில்லை என்று எழுதினார். பிறகு வரும் ஒவ்வொரு வேலையையும் செய்யும்போதே படிப்படியாகக் குறித்துவைத்துவிடுவேன். எனக்கு உடம்பு முடியாமல் போனால் இன்னொருத்தி அந்தக் குறிப்பைப் பார்த்தே வேலையை நடத்திவிட வேண்டும்.

நேரத்தை எழுதுவதிலும் ஒரு சங்கதி. அமெரிக்கர்கள் பலர் கோடைக்காலத்திலும் பழக்கத்தில் ‘ஈ.எஸ்.டி’ என்றே எழுதுவார்கள். நாம் ‘ஐ.எஸ்.டி’ என்று எழுதினால் அயர்லாந்துக்காரர் அதைத் தன் நாட்டு நேரமாக எடுத்துக்கொள்ளலாம். இஸ்ரேலிலும் அதே மூன்றெழுத்துதான். எழுத்துச் சுருக்கத்தை விட்டுவிட்டு “டென்வர் காலை 9, சென்னை இரவு 8.30” என்று ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். கூகுள் காலண்டரில் இரண்டாவது நேர மண்டலத்தையும் பக்கத்திலேயே காட்டும் வசதி இருக்கிறது. எனக்கு அது மார்ச் மாதப் பாடத்துக்கு அப்புறம்தான் தெரிந்தது.

பாஸ்வேர்ட் விஷயத்தில் நான் கறார். புது கிளையன்ட் ஆர்வத்தில் தன் ஜிமெயில் பாஸ்வேர்டைச் சாட்டில் தட்டிவிடுவார். வேண்டாம் என்று சொல்லுங்கள். ஜிமெயிலில் பாஸ்வேர்ட் தராமலேயே இன்னொருவருக்கு அனுமதி கொடுக்கும் வழி இருக்கிறது. அவர் வேண்டும்போது அதை ரத்தும் செய்யலாம். மற்ற கணக்குகளுக்கு பிட்வார்டன், ஒன்பாஸ்வேர்ட் போன்ற பெட்டகச் செயலிகள் உண்டு. சாவியை வாங்க மறுக்கிறவளிடம்தான் வீட்டையே ஒப்படைக்கிறார்கள் என்பதை நான் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். சாட்ஜிபிடி போன்றவற்றுக்கும் இதே கறார் வேண்டும். வரைவு எழுத அதைப் பயன்படுத்தினால் கிளையன்ட்டிடம் சொல்லிவிடுவேன். அவருடைய வாடிக்கையாளர் பெயர், நோயாளி விவரம், கணக்கு எண் எதையும் அதில் போட மாட்டேன்.

நல்ல உறவு என்றால் எல்லாவற்றுக்கும் சரி சொல்வது என்று நினைத்துத்தான் நானும் ஆரம்பித்தேன். மாதம் 20 மணி நேரம் என்று பேசிய வேலை, “இது ஒன்றை மட்டும் பார்த்துவிடு” என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து முப்பதைத் தாண்டியது. அந்த கிளையன்ட் மீது எனக்கே கசப்பு வந்துவிட்டது. பாவம், அவருக்கு நான் எண்ணிக்கொண்டிருப்பதே தெரியாது. இப்போது வெள்ளிக்கிழமைதோறும் ஐந்து வரியில் கணக்கு அனுப்புகிறேன்: முடிந்தவை, நடப்பவை, உங்கள் பதிலுக்குக் காத்திருப்பவை, செலவான மணி, மீதி மணி. 20 மணி முடியும் தறுவாயில், “இதையும் எடுக்கவா, அதற்குக் கூடுதல் கட்டணம் இவ்வளவு, அல்லது அடுத்த மாதம் பார்க்கலாமா?” என்று கேட்கிறேன். பெரும்பாலும் கூடுதல் கட்டணத்துக்கே ஒப்புக்கொள்கிறார்கள். இந்த ஐந்து வரி இருந்தால் கசப்புக்கு இடமே இல்லை.

பணம். ஆரம்பத்தில் ஒருவர் இரண்டு மாத வேலையை வாங்கிக்கொண்டு காசு தராமல் மறைந்துபோனார். அதற்குப் பிறகு மாதக் கட்டணத்தை முன்பணமாகவே வாங்குகிறேன், எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் வேலை தொடங்குவதில்லை. இணையதளங்கள் மூலம் வேலை தேடுகிறவர்கள் கமிஷனைக் கணக்கில் வைத்துக் கட்டணம் சொல்ல வேண்டும். ஃபைவர் தளம் நம் வருமானத்தில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. அமெரிக்க கிளையன்ட் ‘டபிள்யூ-8 பென்’ என்ற படிவம் கேட்டால் பயப்படாதீர்கள். நீங்கள் அமெரிக்கர் இல்லை என்று கையெழுத்திட்டுச் சொல்லும் படிவம் அது. கையெழுத்திட்ட ஆண்டுக்கு அடுத்த மூன்றாவது ஆண்டு முடியும்வரை செல்லும். வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு தொகைக்கும் வங்கி தரும் வரவுச் சான்றைப் பத்திரப்படுத்துங்கள். சேவை ஏற்றுமதிக்கு ஜி.எஸ்.டி பூஜ்ய விகிதம்தான் என்றாலும், ஆண்டு வரவு 20 லட்சத்தை நெருங்குமுன் ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுவது நல்லது. அவருக்குக் கொடுக்கும் ஃபீஸ் வீண் செலவாகாது.

இந்தத் தொழிலின் கடினமான பகுதி கடைசியில் வீட்டுக்குள்தான் இருக்கிறது. டென்வரில் காலை ஒன்பது என்றால் இங்கே கோடையில் இரவு 8.30, குளிர்காலத்தில் 9.30. வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்காரும் நேரம். முதல் வருஷம் நான் கால் பேசிக்கொண்டிருக்கும்போது அத்தை உள்ளே வந்து, “சாம்பார்ல உப்பு போட்டியாம்மா?” என்று கேட்பார். தப்பு அவர் பேரில் இல்லை. பகலில் வீட்டில் இருக்கிறவள் ராத்திரியில் ஆபீஸ் போகிறாள் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஒருநாள் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, என் கிளையன்ட் யார், அவருக்கு நான் என்ன செய்கிறேன், அந்த மாதம் வங்கிக்கு எவ்வளவு வந்தது என்று காட்டினேன். பாஸ்புக்கை இரண்டு தடவை பார்த்தார். அதிலிருந்து எட்டரை மணிக்கு மகளுக்குச் சோறு ஊட்டுவது அத்தைதான். போன வாரம் என் மாமனார் டிவி சத்தத்தைக் கூட்டியபோது, “அவ மீட்டிங்கில் இருக்கா, குறைங்க” என்று அத்தை அதட்டியது எனக்கு ஹெட்செட்டைத் தாண்டிக் கேட்டது.

உங்கள் வீட்டிலும் மகளோ மருமகளோ மனைவியோ இப்படி ராத்திரியில் லேப்டாப்போடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறவளாக இருக்கலாம். அது அவள் ஆபீஸ். அந்த ஒரு மணி நேரம் கதவைத் தட்டாதீர்கள்.