கடல் போடும் கால அட்டவணை

நீல் தீவில் அமைதியாக நாலு நாள் தங்க நினைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது விடுதியின் புகைப்படத்தை அல்ல, பஞ்சாங்கத்தை.

அந்தமான் பேக்கேஜ் என்றால் பெரும்பாலும் ஐந்து இரவு, ஆறு பகல். அதில் ஹேவ்லாக்குக்கு இரண்டு இரவு, நீல் தீவுக்கு ஒன்று. சில சமயம் அதுவும் கிடையாது. காலையில் இறக்கி மாலையில் ஏற்றிவிடுகிறார்கள். மூன்று கடற்கரைகளை மூன்று மணி நேரத்தில் பார்த்து, படம் எடுத்து, இளநீர் குடித்துவிட்டுப் பயணிகள் ஜெட்டிக்கு ஓடுகிறார்கள். ஓடாமல் இருப்பதற்கென்றே போக வேண்டிய இடத்தில் இந்த ஓட்டம்.

போர்ட்பிளேரிலிருந்து வடகிழக்கே கடலில் சுமார் 40 கி.மீ. தள்ளி இருக்கிறது நீல். பரப்பு 14 சதுர கி.மீ.கூட இல்லை. வாடகை சைக்கிளிலேயே ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்விடலாம். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்த வங்காளிகளைக் குடியமர்த்திய தீவு இது. ஊர்ப் பெயர்கள் சீதாபூர், பரத்பூர், லட்சுமண்பூர், ராம்நகர் என்று ராமாயணமாகவே நீள்கின்றன. போர்ட்பிளேர் சந்தைக்குக் காய்கறி போவது இங்கிருந்துதான். 1857 எழுச்சியை ஈவிரக்கமின்றி ஒடுக்கிய ஆங்கிலேயத் தளபதி ஜேம்ஸ் நீலின் பெயரைத் தாங்கியிருந்த தீவுக்கு 2018 டிசம்பர் 30 அன்று ஷஹீத் துவீப் என்று பெயர் மாற்றப்பட்டது. போர்ட்பிளேரும் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. டிக்கெட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் பதற வேண்டாம்.

எப்போது போவது? பள்ளி விடுமுறையை வைத்துத் திட்டமிடும் குடும்பங்கள் மே மாதத்தைத் தேர்ந்தெடுக்கின்றன. தென்மேற்குப் பருவமழை இந்தியாவில் முதலில் தொடுவதே அந்தமான், நிகோபார் பகுதியைத்தான். அதுவும் மே மூன்றாம் வாரத்திலேயே. கேரளத்தில் மழை தொடங்கவில்லையே என்று நிம்மதியாகக் கிளம்பினால் இங்கே குடையோடு இறங்க வேண்டியிருக்கும். சரி, டிசம்பர்? சீசனின் உச்சம் அதுதான். ஆனால் வங்கக் கடலில் புயல் உருவாகும் மாதமும் அதுவே. 2016 டிசம்பர் முதல் வாரத்தில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று கப்பல் போக்குவரத்தை முடக்கியபோது, ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படையும் கடலோரக் காவல் படையும்தான் அவர்களை மீட்டு வந்தன. கடல் ஓரளவு நம்பகமாக இருப்பது ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் முற்பாதி வரை. அப்போதும் நம்பகம்தான், உத்தரவாதம் அல்ல.

அதனால்தான் கடைசி இரவைத் தீவில் வைக்கக் கூடாது. தீவிலிருந்து காலையில் ஃபெர்ரி, பிற்பகலில் விமானம் என்று போட்ட திட்டம் தாளில் கச்சிதமாகத் தெரியும். ஒரு நாள் ஃபெர்ரி ரத்தானால் குடும்பம் முழுவதற்குமான விமானக் கட்டணம் கடலோடு போகும். கடைசி இரவு போர்ட்பிளேரில். இந்த ஒரு இரவுதான் இந்தப் பயணத்தின் இன்ஷூரன்ஸ். வரும்போது இவ்வளவு கவலை வேண்டாம்: காலை விமானத்தில் இறங்கினால் அன்றைக்கே பிற்பகல் ஃபெர்ரியைப் பிடித்துவிட முடியும். தனியார் ஃபெர்ரிகள் ஹேடோவிலிருந்தும் அரசுக் கப்பல்கள் ஃபீனிக்ஸ் பேயிலிருந்தும் புறப்படுகின்றன. ஜெட்டி மாறிப் போய் நிற்பது புதியவர்களுக்கு வழக்கமான அனுபவம். எதில் போனாலும் அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும்.

இனிப் பஞ்சாங்கம். நீலைச் சுற்றிப் பல இடங்களில் கரையை ஒட்டிப் பவளப் பாறைத் திட்டுகள். ஏற்றத்தின்போது அவற்றின் மேல் பச்சைக் கண்ணாடி போலத் தண்ணீர் நிற்கும். விடுதிகளின் படங்களெல்லாம் அந்த நேரத்தில் எடுத்தவை. ஆறு மணி நேரம் கழித்து வந்தால் அதே இடத்தில் பாசி படிந்த கற்களும், குழிகளில் தேங்கிய நீரும், நண்டுகளும்தான். குளிக்க இறங்கியவர் முழங்கால் ஆழத்துக்கே வெகுதூரம் நடக்க வேண்டும், அதுவும் காலைக் கிழிக்கும் பாறை மேல். ஏற்றமும் வற்றமும் நாளுக்கு இரண்டு முறை. ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றம் மிக அதிகம். லட்சுமண்பூர் பக்கம் உள்ள இயற்கைப் பாறைப் பாலத்தை (வங்காளிகள் இதற்கு வைத்த பெயர் ஹவுரா பாலம்) அருகில் போய்ப் பார்க்க அந்த நாட்கள் உகந்தவை. நீச்சல்தான் முக்கியம் என்பவர்கள் அஷ்டமியை ஒட்டிப் போகலாம். நீர்மட்டம் அவ்வளவாக ஏறி இறங்காது. வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியே இதற்குப் போதும்.

விடுதிக்கு போன் செய்யும்போது ஏ.சி. உண்டா, டி.வி. உண்டா என்று கேட்பதைவிட உபயோகமான கேள்விகள் வேறு. எதிரே உள்ள கரை மணலா, பாறையா? வற்றத்தில் குளிக்க எங்கே போக வேண்டும்? மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எத்தனை மணி நேரம் ஓடும்? கோடையில் தண்ணீர் எப்படி? சின்னத் தீவில் நல்ல தண்ணீருக்கு எல்லை உண்டு. நான்கு மாதம் மழை இல்லாவிட்டால் குழாயில் அது தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஃபெர்ரி ரத்தாகி வர முடியாமல் போனால் முன்பணம் திரும்புமா? எழுத்தில் பதில் தராத விடுதியை விட்டுவிடலாம்.

எந்தக் கரை என்பதும் முக்கியம். ஜெட்டிக்குப் பக்கத்தில் உள்ள பரத்பூரில் நீச்சலுக்கு ஏற்ற மணல் கரை உண்டு; கூடவே கண்ணாடி அடித்தளப் படகுகளும், மோட்டார் இரைச்சலும், பகல் கூட்டமும். அமைதி தேடுபவர்களுக்கு ஒரு மணி நேரம் குளித்துவிட்டு வருவதற்கு மட்டும் அது. சூரியோதயத்துக்குச் சீதாபூர், அஸ்தமனத்துக்கு லட்சுமண்பூர்.

அஸ்தமனம் என்றதும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். டெல்லிக்கும் மும்பைக்கும் உள்ள அதே நேரம்தான் இங்கும். ஆனால் தீவு எங்கோ கிழக்கே கிடக்கிறது. டிசம்பரில் மாலை 5 மணிக்கெல்லாம் சூரியன் கடலில் இறங்கிவிடும். மதியச் சாப்பாடு, குட்டித் தூக்கம், நாலரைக்குக் காபி என்று இருப்பவர்கள் லட்சுமண்பூரை இருட்டில்தான் பார்ப்பார்கள். விடிவதும் அப்படியே, ஐந்தரைக்கெல்லாம் வெளிச்சம்.

பெட்டியில் என்ன வைப்பது? பணமாகக் கொஞ்சம், ஏ.டி.எம்.மையும் செல்போன் சிக்னலையும் மட்டும் நம்பிப் போக முடியாது. வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள் இரண்டு நாள் கூடுதலாக. தீவில் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையம்தான். பெரிய சிக்கல் என்றால் போர்ட்பிளேர் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குக் கடல் தாண்ட வேண்டும். இதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் நாள் குறிக்கக் கூடாது. பாறையில் நடக்க ரப்பர் செருப்பு, அந்தியில் கடிக்கும் மணல் ஈக்களுக்குக் களிம்பு, கப்பலில் தலைசுற்றுபவர்களுக்கு மாத்திரை. மாத்திரையைக் கப்பல் கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். தலை சுற்ற ஆரம்பித்த பிறகு பலன் குறைவு.

திரும்பும்போது பெட்டியில் ஏறக் கூடாதது ஒன்று உண்டு. கரையில் செத்து ஒதுங்கிய பவளத் துண்டுகூட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. குழந்தைகள் பையில் போட்டுக்கொண்டது விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்துவிடும். விளக்கம் சொல்ல நிற்கப்போவது அப்பா.