"கேடட் கேப்டன்" பட்டை போட்டாச்சு, கடற்படை வாசல் திறக்குமா?

காலடிப்பேட்டை மெட்ரோவில் காலை நேரக் கூட்டத்தில் வெள்ளை யூனிபாரம் போட்ட காலேஜ் பையன் நின்றால் போதும். "தம்பி, நேவியா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். நேவி அல்ல! அது என்.சி.சி. எனப்படும் தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவு. 1952-ல் தொடங்கியது.

அந்த யூனிபாரத்துக்கும் கடற்படை அதிகாரி உத்தியோகத்துக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது, போட்டிருக்கிற பையனுக்கே பல சமயம் தெரிவதில்லை. தெரிந்துகொள்ளும்போது, படித்த படிப்பு ஒத்துவராமல் போய்விடுகிறது.

யார் தலைவன்?

இந்தப் பிரிவில் சேருகிறவன் முதலில் வெறும் கேடட். பிறகு லீடிங் கேடட், பெட்டி ஆபீசர் கேடட், கேடட் கேப்டன். எல்லோருக்கும் மேலே சீனியர் கேடட் கேப்டன். இந்த மேல்பட்டைக்காரர்கள்தான் மாணவர் தலைவர்கள். அணிவகுப்பில் ஆள் கணக்கு எடுப்பது, லேட்டாக வருகிறவனை விரட்டுவது, புதுப் பையனுக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுப்பது எல்லாம் இவர்கள் தலையில்தான் விழும்.

துடுப்புப் படகு, பாய்மரப் படகு, கொடியசைத்துச் சேதி சொல்லும் செமபோர், மாதிரிக் கப்பல் செய்வது என்று பயிற்சிகள் உண்டு. முடிச்சு விஷயத்தில் மட்டும் காசிமேடு, திருவொற்றியூர் குப்பத்துப் பிள்ளைகளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அப்பா வலை கட்டுவதைப் பார்த்து வளர்ந்த கை அது!

கட்டளைகள் இந்தியில்தான். "சாவ்தான்" என்றால் விறைப்பாக நிற்கணும், "விஷ்ராம்" என்றால் தளர்ந்து நிற்கணும். இந்தக் கட்டளைகளுக்காகவே ஒரு காலத்தில் கோட்டையில் பெரிய விவகாரம் நடந்தது. 1968 ஜனவரி 23-ந்தேதி, அண்ணா முதல்-அமைச்சராக இருந்தபோது, என்.சி.சி.யில் இந்திக் கட்டளைகள் கூடாது என்பதையும் சேர்த்து சட்டசபையில் தீர்மானம் நிறைவேறியது. இன்றும் மைதானத்தில் கேட்பது "சாவ்தான்"தான்.

நாடு முழுவதற்கும் 6 இடம்

மூன்று வருஷம் வெயிலில் நின்று, முகாம்களுக்குப் போய், பரீட்சை எழுதி "சி" சான்றிதழ் வாங்குகிறான் பையன். அடுத்தது என்ன?

வருஷத்துக்கு இரண்டு தடவை யு.பி.எஸ்.சி. நடத்தும் சி.டி.எஸ். தேர்வு வழியாக, கேரளத்தின் எழிமலையில் உள்ள இந்தியக் கடற்படை அகாடமிக்கு ஆள் எடுக்கிறார்கள். 2024-ம் ஆண்டு முதல் தேர்வு அறிவிப்பில் இந்த அகாடமிக்கு 32 இடங்கள். அதில் 6 இடம் கடற்படைப் பிரிவு "சி" சான்றிதழ்காரர்களுக்கு. இது தமிழ்நாட்டுக்கு மட்டும் அல்ல, மொத்த இந்தியாவுக்கும் 6!

அதைவிடப் பெரிய முட்டுக்கட்டை ஒன்று உண்டு. இந்த வாசலில் நுழைய என்ஜினீயரிங் பட்டம் வேண்டும். பி.காம்., பி.ஏ. படித்த கேடட் கேப்டன் எத்தனை பட்டை வைத்திருந்தாலும் விண்ணப்பமே போட முடியாது. அவன் கையால் பயிற்சி பெற்ற ஜூனியர், என்ஜினீயரிங் மாணவனாக இருந்தால், அவனுக்கு வாசல் திறந்திருக்கும்!

பிளஸ் 1-ல் போடும் முடிச்சு

பிளஸ் 2 முடித்ததும் என்.டி.ஏ. தேர்வு எழுதிப் போகிற வழிக்கும் நிபந்தனை இருக்கிறது. கடற்படைக்கு இயற்பியல், வேதியியல், கணக்கு மூன்றும் படித்திருக்க வேண்டும். 2022 முதல் பெண் பிள்ளைகளும் அங்கே பயிற்சிக்குச் சேர்கிறார்கள். ஆக, பையனோ பெண்ணோ, பிளஸ் 1-ல் "கணக்கு வேண்டாம், காமர்ஸ் போதும்" என்று குரூப் எடுக்கிற அன்றே பாதி விஷயம் முடிந்துவிடுகிறது. அந்த வயசில் வீட்டில் இதை யார் சொல்கிறார்கள்?

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே 1926-ல் 6 பல்கலைக்கழகங்களில் கடற்படை அதிகாரிப் பயிற்சி தொடங்கியது. பெர்க்லியில் அதை உருவாக்கியவர், பின்னாளில் இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடற்படையை நடத்திய நிமிட்ஸ். ஸ்காலர்ஷிப் மாணவனுக்குக் காலேஜ் பீஸைக் கடற்படையே கட்டும். பட்டம் வாங்கும்போதே அதிகாரி உத்தியோகமும் வரும். பதிலுக்குச் சில வருஷம் கட்டாயம் வேலை பார்க்கணும். நம் என்.சி.சி.யில் கட்டாயமும் இல்லை, உத்தரவாதமும் இல்லை.

பி.காம். பிள்ளைகள் கவனிக்க

வழியே இல்லையா? இருக்கிறது. குறுகிய காலப் பணியில் "லாஜிஸ்டிக்ஸ்" என்று ஒரு பிரிவு. முதல் வகுப்பில் பி.காம். அல்லது பி.எஸ்சி. தேறி, நிதி, லாஜிஸ்டிக்ஸ், சரக்கு மேலாண்மை போன்றவற்றில் முதுநிலை டிப்ளமோவும் முடித்தவர்கள் இதற்கு விண்ணப்பித்து வந்திருக்கிறார்கள். முதல் வகுப்பு எம்.பி.ஏ.வும் செல்லும். ஆண், பெண் இருவருக்கும் உண்டு. "சி" சான்றிதழில் "பி" கிரேடாவது இருந்தால், நேர்முகத்துக்கு ஆள் பொறுக்கும்போது மார்க்கில் 5 சதவீதம் சலுகை. அவர்கள் பார்ப்பது சான்றிதழையும் கிரேடையும்தான். தோளில் என்ன பட்டை என்று கேட்பதில்லை.

தரைப்படை பரவாயில்லை என்றால், சி.டி.எஸ். வழியாகப் பரங்கிமலை அகாடமிக்கு எந்தப் பட்டமும் போதும்.

எந்த வழியில் போனாலும் எஸ்.எஸ்.பி. என்ற 5 நாள் தேர்வு உண்டு. முதல் நாள் வடிகட்டலில் விழுந்தவர்கள் அன்றைக்கே பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். நின்றவர்களுக்கு மனோதத்துவச் சோதனை, குழுப் பயிற்சி, நேர்முகம். குழுப் பயிற்சியில் முன்பின் தெரியாத ஆட்களோடு சேர்ந்து கயிறு, கட்டை, பீப்பாயை வைத்துத் தடையைத் தாண்டணும். நாலு பேரை அதட்டாமல் வேலை வாங்கத் தெரிந்த கேடட் கேப்டனுக்குக் கைகொடுக்கும் இடம் அதுதான்.