எல்லைக்கல் இல்லாத வளவில் அயலவருடன் வாழ்வது எப்படி?

திருகோணமலைத் துறைமுகத்துக்கு எதிரே, கொட்டியாரக் குடாவின் தென்கரையில் இருக்கும் சம்பூரிலிருந்து மக்கள் 2006 ஏப்ரலில் இடம்பெயர்ந்தனர். கிளிவெட்டியிலும் கட்டைபறிச்சானிலும் முகாம் வாழ்க்கையில் ஆண்டுகள் கழிந்தன. முதலீட்டுத் திட்டத்துக்கென எடுக்கப்பட்ட 818 ஏக்கர் 2015 இலும், கடற்படை முகாம் இருந்த 237 ஏக்கர் 2016 மார்ச்சுக்குள்ளும் விடுவிக்கப்பட்டன. போராடிப் பெற்ற காணிக்குத் திரும்பியவர்கள் கண்டது இடிந்த வீடுகளையும் பற்றைக் காட்டையும்தான். வேலியும் அடையாள மரமும் போன இடத்தில், யாருடைய வளவு எங்கே முடிகிறது என்ற கேள்வி எழுந்தது.

மீள்குடியேறிய பல ஊர்களில் இந்தக் கேள்வி இன்னும் முடியவில்லை. அரசிடமிருந்து காணியை மீட்பது ஒரு போராட்டம் என்றால், மீட்ட காணியில் அயலவரோடும் சகோதரங்களோடும் பிணக்கில்லாமல் வாழ்வது இன்னொன்று.

பெரும்பாலான பிணக்குகள் மூன்று வகைப்படும். முதலாவது, எல்லை வேலி. இரண்டாவது, பொதுக் கிணறும் ஒழுங்கையும். பழைய உறுதிகளில் "கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்" என்று எழுதப்பட்டிருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. அப்படி எழுதியிருந்தால், கிணறு பக்கத்து வளவுக்குள் இருந்தாலும் தண்ணீர் அள்ள உங்களுக்கு உரித்து உண்டு. மூன்றாவது, பங்குக் காணி. ஒரு சகோதரம் ஊரிலும் மற்றவர்கள் கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும்போது, காணியில் இருப்பவர் முழுவதையும் தனதென்று எண்ணத் தொடங்குகிறார். சட்டப்படி ஒரு பங்காளியின் ஆட்சி, பொதுவாக எல்லாப் பங்காளிகளுக்காகவுமான ஆட்சியாகவே கொள்ளப்படும்.

வாய்த்தர்க்கத்துக்கு முன் ஆவணங்களைத் தேடுங்கள். உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்கலாம். நொத்தாரிசு எழுதிய உறுதியின் இரண்டாம் பிரதி அங்கே அனுப்பப்பட்டிருக்க வேண்டும். அனுமதிப்பத்திரக் காணியானால் பிரதேச செயலகத்தின் காணிப் பேரேட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னர் இரு தரப்பும் சேர்ந்து ஒரே நில அளவையாளரை அழைத்துச் செலவைப் பகிர்வது நல்லது. தனித்தனியாக அளந்தால் இரண்டு வரைபடங்களும் புதிய சண்டையும்தான் மிஞ்சும்.

பேசித் தீராவிட்டால் அடுத்த படி மத்தியஸ்த சபை. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இவை இயங்குகின்றன. சட்டத்தரணிகள் இல்லாமல் இரு தரப்பும் நேரில் பேச வேண்டும். மத்தியஸ்தர்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. இணக்கத்துக்கு வழி காட்டுவதே அவர்கள் வேலை. குறிப்பிட்ட பெறுமதிக்குட்பட்ட பல காணிப் பிணக்குகளில், இணக்கம் ஏற்படவில்லை என்ற சபையின் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்றம் போக முடியாது. ஆனால் கடற்படை, வனத் திணைக்களம் போன்ற அரச தரப்போடு உள்ள பிணக்கை இந்தச் சபை ஏற்காது.

இணக்கம் வந்தால் அதைத் தெளிவாக எழுதுங்கள். வேலி எந்த மரத்திலிருந்து எந்தக் கல் வரை, ஒழுங்கை எத்தனை அடி அகலம், கிணற்றை யார் இறைத்துத் துப்புரவாக்குவது என்பவை எல்லாம் அதில் இருக்கட்டும். ஒன்றை மறக்க வேண்டாம்: காணியின் ஒரு துண்டு கைமாறுவதானால் கடதாசியில் கையெழுத்து வைத்தால் போதாது. 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன்னிலையில் உறுதி முடிக்க வேண்டும்.

சண்டை கைகலப்புக்குப் போகுமானால், 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் பொலிஸார் விடயத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். அங்கே ஆராயப்படுவது யார் ஆட்சியில் இருந்தார் என்பதே. உரித்து யாருடையது என்பது முடிவாகாது. பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் வழக்கு நீதிமன்றத்துக்கு வரும்படி பார்த்துக்கொள்வது முக்கியம். பங்குக் காணியைப் பிரிக்க மாவட்ட நீதிமன்றத்தில் 1977 ஆம் ஆண்டின் பிரிவினைச் சட்டத்தின் கீழ் வழக்கிடலாம். அது பல ஆண்டுகள் இழுக்கும்.

காலம் நமக்காகக் காத்திருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். பிறர் காணியைத் தனதென்று பத்து ஆண்டுகள் தடையின்றி ஆண்டவர் அதற்கு உரிமை கோர 1871 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இடமளிக்கிறது. போரால் காணியை விட்டுப் போனவர்களுக்காக 2016 இல் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அது கணக்கிலிருந்து நீக்கியது. ஆனால் அதைப் பயன்படுத்த இரண்டு ஆண்டு அவகாசமே தரப்பட்டது. ஆகவே வெளிநாட்டில் இருப்பவர்கள் நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்தாவது காணியைக் கவனிக்க வேண்டும். வேறொருவர் குடியிருந்தால் தாமதிக்காமல் சட்டத்தரணியைக் காணுங்கள்.

முகாமில் ஒரே தண்ணீர்க் குழாயைப் பகிர்ந்தவர்கள்தான் இன்று ஒரு முழ வேலிக்காகப் பேசாமல் இருக்கிறார்கள். அந்த ஒரு முழத்தை அளந்து, எழுதி முடித்துவிட்டால், அடுத்த தலைமுறைக்குக் காணியோடு வழக்கையும் விட்டுச் செல்ல வேண்டியிராது.