மாலை மூன்று முதல் ஆறு வரை

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பது பழமொழி. கல்வி சித்திரம் என்றால் உடல்நலமே சுவர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, எல் சால்வடார் முதலிய இடங்களைப் பூர்வீகமாகக் கொண்டவர்களை ‘லத்தீனோ’ மக்கள் என்பர். அவர்தம் சிறுவர்களின் உடல்நலம் இன்று கவலைக்குரியதாக உள்ளது.

2017 முதல் 2020 வரை எடுத்த அரசுக் கணக்கின்படி, அந்நாட்டில் 2 முதல் 19 வயதுள்ளோரில் 19.7 விழுக்காட்டினர் உடற்பருமன் உடையவர்கள். லத்தீனோ சிறுவரிடையே இது 26.2 விழுக்காடு. இளமையில் மிகும் பருமன் நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வழி திறந்துவிடுகிறது.

இதற்குச் சிறுவர்களின் சோம்பலே காரணம் என்று கூறுவது தவறு. பள்ளி பிற்பகல் 3 மணியளவில் முடிந்துவிடுகிறது. பெற்றோரில் பலர் வயலிலும், ஓட்டல் சமையலறையிலும், கட்டட வேலையிலும் உழைத்து மாலையில்தான் வீடு திரும்புகின்றனர். தெருவில் அச்சமின்றி ஓடியாட இடமில்லையெனில், பூட்டிய வீடும் தொலைக்காட்சியும் உருளைக்கிழங்கு வறுவலும் இனிப்புப் பானமுமே பிள்ளைக்குத் துணை.

இந்த இடைவெளியை நிரப்புவனவே மாலை மையங்கள். கலிபோர்னியாவில் 2002ஆம் ஆண்டு மக்கள் வாக்களித்து இவற்றுக்கு மாநில நிதி பெற வழி செய்தனர். அந்நிதியைப் பெறும் பள்ளிகள் மாலை 6 மணி வரையேனும் மையத்தை நடத்த வேண்டும். 2010ஆம் ஆண்டுச் சட்டம், ஏழைகள் மிகுந்த பகுதிகளில் இம்மையங்கள் மத்திய அரசின் செலவில் மாலை உணவு அளிக்கும் வசதியை நாடு முழுவதும் விரித்தது. இதற்கு ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டியதில்லை.

6 முதல் 17 வயதுள்ளோர் நாள்தோறும் 60 நிமிடம் உடலை இயக்க வேண்டும் என்பது மருத்துவர் கருத்து. ஆனால் எந்த விளையாட்டு என்பதும் முக்கியம். ஆட்டமிழந்தவர் வெளியேற வேண்டிய விளையாட்டில், அதிகம் ஓட வேண்டிய பருமனான சிறுவனே முதலில் ஓரமாக உட்காருகிறான்! ஆகவே யாரையும் வெளியேற்றாத ஆட்டங்களை ‘கேட்ச்’ திட்டம் வகுத்தது. அதன் மாலை வகுப்புகளை ஆஸ்டின், எல் பாசோ நகரங்களில் சோதித்து 2005இல் முடிவை வெளியிட்டனர். சிறுவர்கள் ஆட்டத்தையும் சிற்றுண்டியையும் விரும்பினர். பாடத்தில் அவ்வளவு நாட்டம் கொள்ளவில்லை. நலவாழ்வை உபதேசிப்பதைவிடப் பழக்கிவிடுவதே மேல் என்பது இதனால் விளங்கும்.

பெற்றோரையும் மறத்தலாகாது. ஸ்பானிய மொழி பேசும் ஊழியர் ஒருவர் இருந்தால், பிள்ளை உண்டதையும் ஆடியதையும் தாயிடம் அவள் மொழியிலேயே சொல்லலாம். பள்ளியிலிருந்து வரும் காகிதங்களை என் வீட்டில் நானே படித்துச் சொல்லி வளர்ந்தவன். ஆதலால் இதன் அருமை எனக்கு நன்கு புரிகிறது.

இம்மையங்கள் மருத்துவமனைகள் அல்ல. நோய் தீர்க்க மாட்டா. நோய் நுழையும் மூன்று மணி நேரத்தைக் காக்கின்றன. நிதி குறைந்து ஒரு மையம் மூடப்படுமானால், அங்குள்ள சிறுவர்கள் மறுநாளே பூட்டிய வீட்டுக்குத் திரும்புவார்கள். சிக்கனம் பேசுவோர் முதலில் எண்ண வேண்டியது இதுவே.