ஒலுவில்: கடலும் வயலும் கல்வியும்



கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? காரைதீவையும் நிந்தவூரையும் கடந்து, களியோடைப் பாலம் தாண்டியதும் வருகின்ற ஊர்தான் ஒலுவில். கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி. அம்பாறை மாவட்டத்து அட்டாளைச்சேனைப் பிரதேசத்தைச் சேர்ந்த இவ்வூர் மக்களுக்கு வேளாண்மையும் மீன்பிடியுமே தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்டன.

1990களில் யுத்தம் எமது பிள்ளைகளின் கல்வியையும் குலைத்தது. யாழ்ப்பாணத்திலும் வந்தாறுமூலையிலும் பல்கலைக்கழகம் சென்ற முஸ்லிம் மாணவர்கள் படிப்பைத் தொடர வழியின்றித் தவித்தார்கள். அந்த வேளையில், மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் அவர்களின் பெருமுயற்சியால் 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி அட்டாளைச்சேனையில் 33 மாணவர்களோடு ஆரம்பமாயிற்று. 1996இல் அது பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்து, பின்னர் ஒலுவில் மண்ணில் நிலைகொண்டது. இன்று கலை, முகாமைத்துவம், இஸ்லாமியக் கற்கைகளும் அரபு மொழியும், பொறியியல், தொழினுட்பம் ஆகிய துறைகளின் பீடங்கள் இங்கும், பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலும் இயங்குகின்றன.

ஊர் வளர்ந்தது. கடைகள் பெருகின. வீடுகளில் மாணவர்களுக்கு வாடகை அறைகள் எழும்பின. 2013இல் துறைமுகமும் திறக்கப்பட்டது. ஆனால், துறைமுக வேலைகள் தொடங்கிய பின் கடலரிப்பு கரையோரக் காணிகளையும் தென்னைகளையும் விழுங்கியது. வாயிலை மணல் மூடியதால் மீனவர்களின் தொழிலும் முடங்கியது. வாப்பாவின் தோணியும் தோட்டமும் பிள்ளைக்கு வந்து சேரும் என்ற உறுதி இனி இல்லை. கடல் கொண்டு போக முடியாத சொத்து கல்வி ஒன்றுதான்.

இவ்வூர்த் தாய் ஒருவர் என்னிடம், "மௌலவி, பொம்புளப் புள்ளதானே, சாதாரண தரத்தோட போதும்" என்றார். அவருடைய முன் அறையிலோ தூர மாவட்டத்து மாணவிகள் நால்வர் வாடகைக்கு இருந்து படித்துக்கொண்டிருந்தார்கள்! யாரோ பெற்ற பிள்ளை நம் வீட்டிலிருந்து பட்டதாரியாகப் போக, நாம் பெற்ற பிள்ளை அடுப்படியோடு நிற்பதா?

ஒன்றை மறந்துவிடாதீர்கள். பல்கலைக்கழகம் நம் ஊரில் இருப்பதனால் நம் பிள்ளைக்கு ஓர் இடமும் கூடுதலாகக் கிடைக்காது. க.பொ.த. உயர்தரப் பெறுபேறும் மாவட்ட ஒதுக்கீடுமே அனுமதியைத் தீர்மானிக்கின்றன. ஆகவே பல்கலைக்கழகத்தின் திறப்பு, ஊர்ப் பாடசாலையின் வகுப்பறையிலேதான் இருக்கிறது.

அந்த அனுமதி கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் எண்ண வேண்டாம். அட்டாளைச்சேனையில் ஆசிரியர்களை உருவாக்கும் தேசிய கல்வியியற் கல்லூரி உண்டு. வீட்டிலிருந்தவாறே வெளிவாரிப் பட்டத்துக்கும் படிக்கலாம். அரபுக் கல்லூரியில் ஓதும் பிள்ளைகளும் உயர்தரப் பரீட்சை எழுதினால், இஸ்லாமியக் கற்கைகள் பீடத்துக்குப் போகும் வழி அவர்களுக்கும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் உயர்தரமே முதற்படி. சாதாரண தரத்தோடு நிறுத்தினால் இத்தனை கதவுகளும் ஒரே நாளில் மூடிப்போகும்.

எமது நபிக்கு அருளப்பட்ட முதல் வஹியே வாசிப்பைப் பற்றியது. அது ஆணுக்கு மட்டும் இறங்கியதல்ல.

சகோதரிகளே! உங்கள் ஊரில் பல்கலைக்கழகம் இல்லாதிருக்கலாம், பாடசாலை இருக்கிறது. மகளின் உயர்தரப் படிப்பைப் பற்றி இன்றிரவே அவளது வாப்பாவுடன் பேசுங்கள். ஒரு தாயின் அந்த ஒரு பேச்சு, ஒரு குடும்பத்தையே உயர்த்திவிடும், இன்ஷா அல்லாஹ்.