துணித் துண்டில் சுருளும் கூந்தல்

ஊதுகுழலும் வேண்டாம்; மின்சாரமும் வேண்டாம்!

வருஷம் 1963. ஊர் சாத்தான்குளம். மறுநாள் விடிந்தால் என் அத்தைக்குக் கல்யாணம்.

சினிமா நட்சத்திரம் மாதிரி காதோரம் ஒரு சுருள் விழ வேண்டும் என்று அத்தைக்கு ஆசை. யாரிடமும் சொல்லவில்லை. தலைக்கு ஊற்றிவிட்டு, ஈரம் சொட்டச் சொட்ட அடுப்படிக்குப் போனாள். இரும்பு ஊதுகுழலை எடுத்துத் தணலில் செருகினாள். நன்றாகக் காய்ந்ததும், காதோரக் கற்றை ஒன்றை அதில் சுற்றினாள்.

“சுர்” என்றது. நாற்றம் தெரு வரை போயிற்று. சுருள் விழவில்லை. கற்றையே கையோடு வந்துவிட்டது!

ஆச்சி ஓடி வந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஏட்டி! விடிஞ்சா கல்யாணம். மண்டையைப் பொசுக்கிக்கிட்டு நிக்கியேட்டி!”

கல்யாணப் போட்டோவில் அத்தைக்கு வலது காதை மூடியபடி கனகாம்பரம் தொங்கும். பார்க்கிறவர்கள் அதை ஒரு தினுசு அலங்காரம் என்று நினைப்பார்கள். காரணம் வீட்டாருக்குத்தான் தெரியும்.

அந்தக் காலத்துச் சுருள் இப்போது மறுபடியும் நாகரிகமாகி வருகிறது. ஊதுகுழலுக்குப் பதிலாக மின்சாரக் கருவி வந்திருக்கிறது. அதுவும் 180, 200 டிகிரி வரை சூடேறும். தண்ணீர் கொதிப்பதற்கு 100 டிகிரியே போதும். ஈர முடியில் அந்தக் கருவியை வைத்தால் என்ன ஆகும்? முடிக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகிக் குமிழி விடும். குமிழி விட்ட இடத்தில் முடி ஒடியும். அத்தைக்கு நடந்தது ஏறக்குறைய இதுதான்.

வெள்ளைக்காரி பட்ட பாடு

இந்த ஆசை நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. பாரிஸ் நகரில் மார்செல் என்ற சிகை அலங்காரக்காரர் 1872-ஆம் ஆண்டு வாக்கில், காய்ச்சிய இடுக்கியால் கூந்தலில் அலை அலையாக வளைவு உண்டாக்கிப் பெயர் பெற்றார். ஆனால் தலையை நனைத்தால் அந்த அலை போய்விடும்.

போகாத சுருள் வேண்டும் என்று கிளம்பினார் கார்ல் நெஸ்லர் என்ற ஜெர்மானியர். லண்டனில் கடை வைத்திருந்தவர். பித்தளைக் கம்பிகளைச் சுட வைத்து, அவற்றில் முடியைச் சுற்றினார். முடியில் அவர் தடவிய மருந்து என்ன தெரியுமா? பசுவின் மூத்திரமும் தண்ணீரும் கலந்த கலவை! சோதனைக்கு உட்கார்ந்தவள் அவருடைய மனைவி. முதல் இரண்டு தடவையும் முடி கருகி, தலைத் தோலும் வெந்தது. அந்த அம்மாள் மூன்றாவது தடவையும் உட்கார்ந்தாளே, அவளுக்குத்தான் சிலை வைக்க வேண்டும். 1905, 1906 வாக்கில் நெஸ்லர் தம் முறையை ஊராருக்குச் செய்து காட்டினார். இன்று அழகு நிலையங்களில் செய்யும் “பெர்மிங்” அந்த வழியில் வந்ததுதான்.

நமக்கும் சுருள் புதிதல்ல. பழந்தமிழர் கூந்தலை ஐந்து வகையாக முடித்தார்கள். அதனால் கூந்தலுக்கு “ஐம்பால்” என்றே பெயர். அந்த ஐந்தில் “சுருள்” ஒன்று. ஆண்கள் மட்டும் என்ன? 1934-ல் “பவளக்கொடி” படத்தில் நடிக்க வந்தார் எம்.கே. தியாகராஜ பாகவதர். பிடரி வரை புரளும் அவருடைய சுருள் முடியைப் பார்த்து, இளைஞர்கள் தாங்களும் வளர்த்தார்கள். அதற்குப் “பாகவதர் கிராப்பு” என்று பெயரே விழுந்துவிட்டது. 1944-ல் வந்த அவருடைய “ஹரிதாஸ்” சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அந்தக் கிராப்புக்கு மவுசு ஏன் குறையும்?

ஓலை சொல்லும் பாடம்

தீ இல்லாமல் முடி சுருளுமா? சுருளும். சந்தேகம் இருந்தால், ஓலைப் பெட்டி முடைகிறவர்களைப் பாருங்கள். சாத்தான்குளம் பக்கம் பனைக்கா பஞ்சம்? காய்ந்த ஓலையை அப்படியே வளைத்தால் ஒடியும். தண்ணீரில் ஊறப்போட்டால் சொன்னபடி வளையும். வளைத்தபடியே காய்ந்துவிட்டால் பிறகு நிமிராது.

முடியும் இப்படித்தான். முடிக்குள் இருக்கும் சின்னச் சின்னப் பிணைப்புகள் ஈரம் பட்டால் விட்டுக்கொடுக்கும். காயும்போது மறுபடி பிடித்துக்கொள்ளும். எந்த வடிவத்தில் காய்கிறதோ அந்த வடிவத்தில் நிற்கும். ஆகவே ஈரம் பாதி வேலை. காய்ச்சல் மீதி வேலை. பலர் கோட்டை விடுவது இந்த இரண்டாவதில்தான்.

இனி செய்முறை.

நைந்த பருத்தி வேட்டி ஒன்றை எடுங்கள். இரண்டு விரல் அகலமும் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான நீளமும் உள்ள துண்டுகளாகக் கிழியுங்கள். பதினைந்து, இருபது துண்டுகள் இருக்கட்டும். தலைக்குச் சீயக்காய் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கை நன்றாக எடுத்துவிடுங்கள். எண்ணெய் இருந்தால் முடி கனத்து, சுருள் தொங்கிப் போகும். தினமும் எண்ணெய் வைக்கும் தாய்மார்கள் ஒரு நாள் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

தலை முக்கால் பங்குக்கு மேல் காய்ந்து, தொட்டால் இலேசான ஈரம் தெரிய வேண்டும். அதுதான் பதம். ஒரு விரல் பருமனுக்கு ஒரு கற்றை எடுத்துச் சீவுங்கள். கற்றையின் நுனியைத் துணித் துண்டின் நடுவில் வையுங்கள். நுனி வெளியே நீட்டிக்கொண்டு நின்றால் தூண்டில் முள் மாதிரி கோணிக்கொள்ளும்; உள்ளே மடித்துவிடுங்கள். அப்படியே மேல் நோக்கிச் சுருட்டி, தலைக்கு அருகில் வந்ததும் துணியின் இரு முனையையும் முடிச்சுப் போடுங்கள். இறுக்கிக் கட்ட வேண்டாம். வேர் இழுபட்டு வலித்தால் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுங்கள். குழந்தைகளுக்குக் கட்டும்போது இதில் மிகவும் கவனம் வேண்டும். தினமும் இழுத்துக் கட்டினால் வேரே பலவீனப்படும்.

காதோரச் சுருளுக்குத் துணி தேவையில்லை. மெல்லிய கற்றையை விரலில் மோதிரம் போலச் சுற்றி, கன்னத்தோடு ஒட்ட வைத்து, இரண்டு ஸ்லைடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் குத்துங்கள். அவ்வளவுதான்.

சுருள் விறைப்பாக நிற்க மேல்நாட்டில் சர்க்கரைத் தண்ணீர் தடவுவது உண்டு. நம் வீட்டில் அதைச் செய்தால் விடிவதற்குள் எறும்பு வந்துவிடும்! ஆளிவிதையைத் தண்ணீரில் கொதிக்க வைத்து, வழவழப்பு இறங்கியதும் வடிகட்டி, ஆறிய பிறகு கொஞ்சம் தடவலாம்.

காற்று பார்த்துக் கட்டுங்கள்

ஆடி மாதம் என்றால் கவலையில்லை. தேரி மணலை வாரி இறைக்கும் அந்த வறண்ட மேல்காற்றில் தலை சீக்கிரம் காய்ந்துவிடும். ஆனால் வெளியே நிற்காதீர்கள். ஈர முடியில் செம்மண் அப்பிக்கொண்டால் மறுபடி தலைக்கு ஊற்ற வேண்டியதுதான். ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரம். இரவெல்லாம் கட்டி வைத்தாலும் நடுமுடி காயாது. அந்த மாதங்களில் காலையிலேயே கட்டி, மாலை வரை விடுங்கள். மணப்பாடு, பெரியதாழை போன்ற கடலோர ஊர்களில் கல்யாணம் என்றால், சுருளைக் கொஞ்சம் சிறியதாகவே போட்டுக்கொள்ளுங்கள். கடற்காற்றின் ஈரத்தில் அது தானாகத் தளர்ந்து அளவுக்கு வரும்.

அவிழ்க்கும்போது அவசரம் கூடாது. முதலில் ஒரே ஒரு முடிச்சை மட்டும் அவிழ்த்துத் தொட்டுப் பாருங்கள். உள்ளே குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, திரும்பக் கட்டிவிடுங்கள். காய்ந்துவிட்டால், எல்லாவற்றையும் அவிழ்த்து விரலால் மட்டும் கோதுங்கள். தனித்தனிச் சுருளாக விழும். பழைய படங்களில் வரும் அலை வேண்டுமானால், அகலப் பல் சீப்பால் மெல்லச் சீவி, பக்க வகிடு எடுத்து, முன்முடியை உள்வளைத்து ஒரு கொண்டை ஊசி குத்துங்கள். பூவைப் பின்னால் வையுங்கள். காதை மறைக்க வேண்டிய அவசியம் இல்லை!

பிடிக்கவில்லையென்றால் தலைக்கு ஒரு தடவை ஊற்றினால் போதும். முடி பழையபடி ஆகிவிடும். துணித் துண்டுகளைத் துவைத்து ஒரு பைக்குள் போட்டு வையுங்கள். அடுத்த கல்யாணத்துக்கு ஆகும்.